நடுத்திட்டில் காகிதப்பூ

சங்ககிரியைத் தாண்டி நாற்கரச் சாலையின் நடுத்திட்டில் ஓர் இடைவெளி இருந்தது. எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே ஓடி ஓடி, ஊர்க்காரர்களே செடிகளை மிதித்து உண்டாக்கிய வழி. பூபதி லாரியில் அடிபட்டுச் செத்தது அங்கேதான். அவன் மனைவி கோகிலவாணி அதே நடுத்திட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தாள். வேறு வேலை கிடைக்கவில்லை.

ஐப்பசியில் அந்த இடைவெளியைச் செடி வைத்து அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேற்பார்வையாளன் சபரிநாதன் அவளிடம்தான் கேட்டான்.

"மார்ச்சுல ஆபீசருங்க வர்றாங்க அக்கா. அப்பப் பூத்து நிக்கணும். வெயில் தாங்கணும், வருசக்கணக்கா இருக்கணும். அரளியே வெச்சிரலாமா?"

"அரளி மட்டும்னா வளைச்சுட்டுப் பூந்துருவாங்க சார்."

"பொன்னரளி?"

"அது மரமாட்டம் மேல போயிருமுங்க. அடியில ஆளு நுழையும்."

"இட்லிப்பூ நல்லா அடர்த்தியா வருமே?"

"நம்ம டேங்கர் தண்ணி உப்புங்க. எலை கருகிப்போகும்." அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். "நடுவுல காயிதப்பூ, ரெண்டு பக்கமும் வெள்ளை அரளி. தையில தண்ணியக் கொறைச்சா பங்குனியில ரெண்டும் ஒண்ணாப் பூக்குமுங்க."

"காயிதப்பூவுல முள்ளிருக்கே."

"இருக்கோணுமுங்க."

இடுப்பளவுச் செடிகளாக வரவழைத்து நெருக்கி நட்டாள். ஊரே திட்டியது. தள்ளி இருந்த பாலத்துக்கு அடியில் புகுந்து போனால் அத்தனை சுற்று. நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த அத்தாயி நேராகவே கேட்டாள்.

"ஏண்டி, உம்பட புருசன் செத்தா ஊரே பாலத்தைச் சுத்தோணுமா? எம்பட யாவாரத்துக்கும் ஒரு மாலை போட்டுட்டுப் போ."

"போடறனுங்க அக்கா. அரளிக்கா பஞ்சம்?"

கோகிலவாணியின் மகள் தேவிப்ரியா திருச்செங்கோட்டில் கல்லூரிக்குப் போய்வந்தாள். அவளுக்கும் அந்த நிறுத்தம்தான். "பாலத்தைச் சுத்தித்தான் போகோணும் சாமி" என்று அம்மா தினமும் சொல்லி அனுப்பினாள். மகள் தினமும் சரி என்றாள்.

பங்குனியில் பூத்தது. வெள்ளைக்கு நடுவில் ரத்தச் சிவப்பு. சபரிநாதன் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினான். ஆள் உயரச் சுவராக அது நின்றதைப் பார்த்த அன்று கோகிலவாணி வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் டேங்கருக்குப் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் பஸ் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கச் சாலை ஓரத்திலிருந்து தேவிப்ரியா ஓடிவந்து அரளியை விலக்கிப் புகுந்தாள். நடுவில் துப்பட்டா முள்ளில் சிக்கியது. கத்தினால் பயந்துவிடுவாள் என்று கோகிலவாணி கத்தவில்லை. மகள் இழுத்தாள். வரவில்லை. திரும்பி நின்று இரண்டு கையாலும் இழுத்தாள். துணி கிழிந்த வேகத்தில் பின்பக்கமாக எதிர்ச்சாலையில் போய் விழுந்தாள். வந்த லாரிக்காரன் கண்ணுக்கு அவளை அரளி மறைத்திருந்தது. எப்படியோ ஒடித்துத் திருப்பினான். ஹாரன் சத்தம் வெகுதூரம் கேட்டது.

பஸ் போய்விட்டது.

கோகிலவாணி மகளைத் தூக்கி நடுத்திட்டில் உட்கார வைத்தாள். கையெல்லாம் கீறல். புதிய கீறல்களுக்கு அடியில், காய்ந்துபோன பழைய கீறல்களும் இருந்தன.

"தெனமும் இப்படித்தான் போறியா?"

மகள் கிழிந்த துப்பட்டாவை இழுத்துக் கைகளை மூடினாள்.

"நாளைக்காச்சும் சுத்திப் போவியா?"

"எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க. முன்னெல்லாம் ஓடியாச்சும் போயிரலாம். இப்ப முள்ளுல மாட்டிக்குது."

கோகிலவாணி டேங்கர் டிரைவரிடம் வெட்டுக்கத்திரியை வாங்கினாள். காகிதப்பூவை அடியோடு வெட்டினாள். பிறகு இரண்டு பக்கத்து அரளியையும், வருகிற லாரி தெரியும் அளவுக்கு. சபரிநாதன் பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா! நாளன்னிக்கு ஆபீசருங்க வர்றாங்க, என்ன பண்றீங்க?"

அவள் திரும்பவில்லை. பூபதி ஓடிய அகலம் மறுபடியும் வந்திருந்தது. அது போதாது என்று இன்னும் கொஞ்சம் வெட்டினாள்.