நர்ஸம்மாவின் அட்வான்ஸ்

வேலை செய்யும் இடத்தில் அவரை எல்லோரும் 'ஓனர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கிருந்த ஒன்பது லிஃப்ட் மெக்கானிக்குகளில் சொந்தமாக மூன்று தள வீடு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். கீழே அவரும் மனைவியும் மகளும் இருந்தார்கள். முதல் மாடியில் ஒரு நர்ஸும், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த அவளுடைய அம்மாவும். இரண்டாம் மாடியில் செல்போன் ரிப்பேர்க்காரன், பெண்டாட்டி பிள்ளையோடு. டீ குடிக்கப் போனால் காசை ஓனர்தான் கொடுக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளுக்குள் எழுதாத சட்டம். அவரும் கொடுப்பார். பர்ஸைத் திறக்கும்போது மட்டும் யாரும் உள்ளே எட்டிப் பார்க்காதபடி லேசாகத் திரும்பிக்கொள்வார்.

இரண்டு மாடிகளும் வங்கிக் கடனில் எழும்பியவை. மாடி வாடகையே மாடிக் கடனை அடைத்துவிடும், பதினைந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் எல்லாம் நமக்கே என்று மனக்கணக்குப் போட்டு இறங்கியிருந்தார். கணக்கில் தப்பில்லை. வட்டி இரண்டு முறை ஏறும் என்பதும், ரிப்பேர்க்காரனின் கடை இருந்த கட்டடத்தை இடித்துவிடுவார்கள் என்பதும், மேலே குளியலறைக் குழாய் உள்ளுக்குள்ளேயே கசிந்து முதல் மாடிச் சுவரில் ஈரம் இறங்கும் என்பதும்தான் அதில் சேராமல் போயின. ஐந்து மாதமாக இரண்டாம் மாடியிலிருந்து வாடகை வரவில்லை. அவருடைய சம்பளமும், மருந்துக்கடையில் நிற்கும் மனைவியின் சம்பளமும், நர்ஸின் வாடகையும் சேர்ந்து தவணைக்குப் போன பிறகு, மிச்சத்தில் மூன்று பேர் சாப்பிட்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் கீழே இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, அடுத்த மாசம் காலி பண்றேன். வேற ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. சம்பளம் இங்க வாங்கறதுல ரெண்டு பங்கு."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

"அங்க ஒரு கீழ் வீடும் பாத்து வச்சுட்டேன். அம்மாவ வீல்சேர்ல வெளிய கூட்டிட்டுப் போகலாம். நம்ம அட்வான்ஸ வாங்கி அப்படியே அங்க குடுத்தா சாவி தந்துருவாங்க. ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணணும்."

"அதுக்கென்னம்மா, வாங்கிக்கோங்க."

அவள் படியேறிப் போனதும் சமையலறையிலிருந்து மனைவி வெளியே வந்தாள். கையில் கரண்டி.

"எத வாங்கிக்கச் சொன்னீங்க?"

பத்து மாத வாடகை அந்த அட்வான்ஸ். அது கரைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழாயைப் பார்க்க வந்தவன் கொஞ்சம் தின்றான், மகளின் கல்லூரி கொஞ்சம், மிச்சத்தை மூன்று தவணைகள் விழுங்கிவிட்டன. நர்ஸ் இப்போதைக்குப் போகமாட்டாள், அதற்குள் எப்படியாவது புரட்டி வைத்துவிடலாம் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவர் ஓட ஆரம்பித்தார். ஆபீஸில் கேட்டால் பழைய கடன் இன்னும் பிடித்தத்தில் இருக்கிறது என்றார்கள். மனைவியின் அண்ணனுக்குப் போன் செய்தார். எடுத்ததும் நலம் விசாரித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

"மாப்ள, மூணு மாடி கட்டினவரு வாடகை வீட்ல இருக்கறவன்கிட்ட கேக்கறீங்க. வெளிய சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

இவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

அன்று மாலை, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இரண்டாம் மாடிக்கு ஏறினார். கதவைத் திறந்ததும் டிவி இருந்த இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. ரிப்பேர்க்காரன் தரையில் உட்கார்ந்து, பக்கத்துத் தெருக்காரர்களின் போன்களைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் பேசுவது நாகரிகமாக இல்லை. குடித்த பிறகு பேச வரவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த போனின் கண்ணாடி விரிசல் விட்டிருப்பதைப் பார்த்து, "குடுங்கண்ணா, மாத்தித் தர்றேன். காசெல்லாம் வேணாம். உங்க மொகத்தப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு," என்று வாங்கிக்கொண்டான். அரைமணி நேரம் கழித்து அவர் புதுக் கண்ணாடி போட்ட போனோடு கீழே இறங்கினார்.

"தந்தானா?" என்றாள் மனைவி.

போனைக் காட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் மாடிக்கு வேறு ஆள் பிடித்து, அந்த அட்வான்ஸை வாங்கி நர்ஸுக்குக் கொடுப்பதுதான் மிச்சமிருந்த ஒரே வழி. புரோக்கரிடம் சொன்னதில் நான்கு குடும்பங்கள் வந்து பார்த்தன. ஓர் அம்மாள் சுவரில் விரலை வைத்துத் தேய்த்து, ஒட்டிய சுண்ணாம்பை அவரிடமே காட்டினாள். இன்னொருவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். ஒவ்வொரு முறையும் நர்ஸ் அம்மாவின் கட்டிலை ஓரமாகத் தள்ளி வழிவிட்டு, "தைரியமா வாங்க. ஓனர் ரொம்ப நல்லவங்க, ஒரு தொந்தரவும் கெடையாது," என்று வந்தவர்களிடம் சொன்னாள். அதைக் கேட்கும்போது அவர் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வார்.

ஐந்தாவதாக வந்தவர் ஒரு பல் டாக்டர். வாசலில் நின்றபடியே தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். மாடிக்குக் கூப்பிட்டபோது நகரவில்லை.

"எங்கிட்ட வர்றவங்க வலியோட வர்றவங்க சார். மாடியெல்லாம் ஏற மாட்டாங்க. இந்தக் கீழ் போர்ஷன் கெடச்சா சொல்லுங்க."

"கீழ நாங்க இருக்கோம்."

"தெரியுது. கெடச்சான்னுதான் சொல்றேன்," என்றவர் ஒரு வாடகை சொன்னார். முதல் மாடிக்கு வருவதைப்போல ஒன்றரைப் பங்கு. பத்து மாத அட்வான்ஸ்.

டாக்டர் போன பிறகு மனைவி கூடத்தின் நடுவில் நின்று நான்கு சுவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"குடுத்துருங்க," என்றாள்.

"நாம எங்க போறது?"

"மொட்ட மாடியில ரூம் இருக்குல்ல."

மொட்டை மாடி அறை, மிச்சமான டைல்ஸும் பெயின்ட் டப்பாக்களும் போட்டு வைக்கக் கட்டியது. தகரக் கூரை. ஒரு கட்டில் போட்டால் பக்கத்தில் இரண்டு பேர் படுக்கலாம். கல்லூரியிலிருந்து வந்த மகளிடம் சொன்னார்கள். அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பாத்ரூம்?"

இருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

கடைசியில் அவரே மறுபடியும் இரண்டாம் மாடிக்குப் போய், ஆறாவது மாதமாக வாடகை தராத ரிப்பேர்க்காரனிடம், கொஞ்ச நாளைக்கு உங்கள் குளியலறையை எங்களுக்கும் விடமுடியுமா என்று கேட்டார். "இதென்னண்ணா கேள்வி, உங்க வீடு," என்றான் அவன். அந்தப் பாக்கியை அதற்குப் பிறகு வாய்விட்டுக் கேட்க முடியாது என்பது படி இறங்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரின் பணமும் கையில் இல்லை. கிளினிக் வைக்க அவர் வேறொரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். அங்கிருந்து ஆள் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும், காலியாக, வெள்ளையடித்து இருந்தால்தான் காரியம் நடக்கும், இருபத்தெட்டாம் தேதிக்குள் அட்வான்ஸ் வந்துவிடும் என்றார். அதை நம்பி இவர்கள் இரண்டு நாள் லீவு போட்டு, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் மேலே ஏற்றினார்கள். பீரோ மாடிப் படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. ரிப்பேர்க்காரன் வந்து ஒரு கை கொடுத்தான். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "என்னண்ணா, மாடிக்கு மாறிட்டீங்க?" என்று கேட்டாள்.

"மேல காத்து நல்லா வருதும்மா," என்றார்.

இருபத்தெட்டு போயிற்று. டாக்டருக்குப் போன் செய்தால், இன்னும் ஒரு பத்திரம் கேட்கிறார்கள் என்றார். "நானும் பேங்கத்தான் நம்பி உக்காந்திருக்கேன் சார்," என்றார். குரலில் பொய் இல்லை. திட்டக்கூட முடியவில்லை.

நர்ஸின் வீட்டில் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. பழைய ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்தாயிற்று. ஒன்றாம் தேதி அவள் வந்து நின்றபோது, செக் போட்டிருக்கிறேன், ரெண்டு நாளில் பாஸாகிவிடும் என்றார். மூன்றாம் தேதி, பேங்க் சர்வர் வேலை செய்யவில்லை என்றார். புது ஆஸ்பத்திரிக்காரர்கள் பத்தாம் தேதி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான்காம் தேதி காலையில் அவர் வேலைக்குப் போன பிறகு, மனைவி தானாகவே இறங்கிப் போய் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நர்ஸ் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப பணமே இல்லையாக்கா?"

"டாக்டர் குடுத்ததும் மொதல்ல உனக்குத்தான்மா. சத்தியமா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. அந்த வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு தவணையா தர்றேன்னு பேசியிருப்பேன். இப்ப வேற ஆளு கேக்கறாங்களாம்."

"நீ மட்டும் போய் வேலையில சேந்துடும்மா. ஒரு வாரம் அம்மாவ நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் போடணும்க்கா. நான்னா டியூட்டி நடுவுல ஓடி வந்து பாத்துட்டுப் போறேன். மூத்திர ட்யூப் வேற. நீங்க வேலைய விட்டுட்டா பாக்க முடியும்?"

முடியாது. ஒரு நாள் சம்பளம் போனாலும் தவணை இடிக்கும். மனைவி மேலே வந்துவிட்டாள். நர்ஸ் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்று அன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்.

அந்த ஒரு வாரமும் அவர் வேலைக்கு நடுவில் டாக்டருக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது சிக்னல் கிடைக்காது. அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடுவாரோ என்று பாதியில் ஏறி வந்து பார்ப்பார். ஒரு கட்டடத்தில் இப்படி மூன்று முறை ஏறி இறங்கியதைப் பார்த்த மேஸ்திரி, உடம்புக்கு என்ன என்று கேட்டார். பத்தாம் தேதி வந்தது, போனது.

பதினான்காம் தேதி டாக்டரின் பணம் வந்தது. அன்றைக்கே அரைநாள் லீவு போட்டு, வங்கியில் எடுத்து, பழுப்புக் கவரில் போட்டு, வழியில் எங்கும் நிற்காமல் நேராக முதல் மாடிக்கு ஏறினார்.

கதவு திறந்திருந்தது. அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்பட்டு மடித்துச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அடுப்பில் குக்கர் இருந்தது. கொடியில் யூனிஃபார்ம் காய்ந்தது.

"நர்ஸம்மா, பணம் வந்துடுச்சு," என்று கவரை நீட்டினார்.

நர்ஸ் அதை வாங்கவில்லை.

"அந்த எடத்துக்கு வேற ஆள எடுத்துட்டாங்கண்ணா. நேத்துதான் போன் வந்துச்சு."

"பழைய ஆஸ்பத்திரியில கேட்டீங்களா?"

"கேட்டேன். தற்காலிகமா வச்சுக்கறேன்னாங்க. சம்பளம் கொஞ்சம் கம்மிதான்."

"நான் போய் அந்த ஊர் ஆஸ்பத்திரியில பேசட்டுமா? எம்மேலதான் தப்புன்னு சொல்றேன்."

"யார்கிட்டண்ணா பேசுவீங்க?"

கவரைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். அவள் எடுத்து மறுபடி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இங்கதான இருக்கப் போறேன். இத வாங்கினாலும் திரும்ப உங்களுக்கே அட்வான்ஸா குடுக்கணும்ல. நீங்களே வச்சுக்கோங்க."

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. களைப்பாக இருந்தாள். குக்கர் விசில் அடித்தது, போய் அடுப்பை அணைத்தாள்.

மேலே ஏறினார். தகரம் காய்ந்து அறை அடுப்பாகக் கொதித்தது. மனைவி வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். கவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. பாரம் இறங்கியவன் விடும் மூச்சு அது. விட்ட பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. மனைவியும் கேட்டுவிட்டாள். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவள், "தவணைக்கு இது மூணு மாசம் தாங்குமா?" என்று கேட்டாள். "தாங்கும்," என்றார்.

திங்கட்கிழமை, இந்த ஓட்டத்தில் பாக்கி விழுந்திருந்த தவணைகளைக் கட்டினார். வங்கியில் இருந்த இளம் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து, வட்டி மறுபடியும் ஏறியிருப்பதாகச் சொன்னான். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாக, "தவணைத் தொகை ஏறல சார். வருஷம்தான் கூடியிருக்கு," என்றான். எந்த வருடம் முடியும் என்று கேட்டார். சொன்னான். அவருக்கு அப்போது எழுபத்து மூன்று வயதாகியிருக்கும்.

மொட்டை மாடிக்குப் போக வேறு வழி கிடையாது, முதல் மாடி வாசலைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அம்மாவுக்குக் காற்று வரட்டும் என்று நர்ஸ் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். அந்த அம்மாவுக்குப் பேச்சு வராது, நடந்ததும் எதுவும் தெரியாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலில் தலையைத் திருப்பி, கோணிய வாயால் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் நின்று, பதிலுக்குச் சிரித்துவிட்டு மேலே ஏறுவார்.