விழுந்த குழந்தைக்குச் சொன்னது

போன வருஷம் காலமான என் மனைவி சண்முகவடிவு, கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். எங்கள் ஒரே பெண் கைக்குழந்தையாகவே இறந்த பிறகு கிடைத்த வேலை அது. துரையின் மகள் அவள் மடியில்தான் வளர்ந்தாள்.

குழந்தைக்குப் பேச்சு வந்தபோது வடிவின் இங்கிலீசுதான் வந்தது. "மீ நோ வாண்ட் பாத்" என்று அது சொல்ல, கிளப்பிலிருந்து வந்த விருந்தாளிகள் சிரித்தார்கள். தாயான துரைசாணி சிரிக்கவில்லை. ஆயா சரியாகப் பேசப் பழக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆயா வருவாள் என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்தில் கான்வென்ட்டில் படித்தவர். பின்னேரங்களில் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

"புள்ளைக்குத்தான் வெளங்குதுங்களே அம்மா," என்று வடிவு முதல் நாளே சொல்லிப் பார்த்தாளாம்.

"விளங்கினாப் போதுமே? முழு வசனமாச் சொல்லும்," என்றாராம் அவர். நல்ல மனுஷி. தேத்தண்ணீர் கொடுக்காமல் ஒரு நாளும் அனுப்பியதில்லை.

வடிவு அடுப்பு ஊதும்போதும் இங்கிலீசு வசனம் சொன்னாள். "வெள்ளக்காரி, கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மீனம்மா கேலி செய்வாள். வடிவு பொருட்படுத்தவில்லை. குழந்தையை விட்டுப் பிரியக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

சில மாதங்களில் துரைசாணி மெச்சினார். ஆனால் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில், படிக்காத வசனம் வேண்டிய இடங்களில் வடிவு வாய் திறப்பதையே விட்டிருந்தாள்.

ஒரு நாள் குழந்தை பங்களாப் படியில் விழுந்து, முழங்காலில் இரத்தத்தோடு அவளிடம் ஓடி வந்தது. முன்பெல்லாம் "ஸ்டெப் பேட், ஆயா அடி" என்று படியை நாலு அடி அடிப்பாள், அழுகை நின்றுவிடும். அன்று துரைசாணி வராந்தாவில் நின்றார். அழாதே, காயத்தைக் காட்டு என்று சுத்தமான இங்கிலீசில் வடிவு சொன்னாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. பிறகு திரும்பித் தாயிடம் ஓடியது.

"படிய அடிச்சிருக்கலாமே," என்றேன் வீட்டில்.

"கை வரலைங்க. தொரசாணி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. புள்ள என்னைய யாரோ மாதிரி பாத்துச்சு."

அதன்பின் எதற்கும் குழந்தை தாயிடமே போனது. வடிவு தானாகவே பங்களா வேலையிலிருந்து நின்று கொழுந்தெடுக்கப் போனாள். இப்போதுதானே இவ்வளவு நன்றாகப் பேசுகிறாய் என்று துரைசாணி தடுத்தும் பார்த்தார்.

பங்களாவுக்குக் கீழ் மலையில் வேலை விழும் நாட்களில் குழந்தை விளையாடும் சத்தம் கேட்கும். கங்காணியிடம் சொல்லி, வடிவு தூரத்துத் தேயிலை நிரைக்கு மாறிக்கொள்வாள்.