வேலை போனது எந்த நாள்?

தோழர்களே, அவரவர் வேலையைச் சற்றே நிறுத்திவிட்டு கொரியாவின் பூசான் துறைமுகத்துக்கு வாருங்கள். சிரித்த முகத்தோடு செய்யப்பட்ட ஓர் அநியாயத்துக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

மீனை அரைத்துப் பொரித்தெடுக்கும் எங்கள் மீன்கேக் ஆலையில், எண்ணெய்க் கொப்பரைக்கு முன்னால் ஆண்டுக்கணக்காக நின்றவர் தக் மல்சுக். கோடை தொடங்கும் வேளையில் முதலாளி பியோன் அவரை அழைத்தார்.

"வியாபாரம் கொஞ்சம் மந்தமா இருக்கும்மா. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க. நானே கூப்பிடுறேன்."

உன்னை நீக்குகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதை எங்கள் ஊர் முதலாளிகள் நாகரிகக் குறைவாகக் கருதுவார்கள், ஓய்வு என்பார்கள். கேட்பவரும் தலைகுனிந்து நன்றி சொல்லிப் போவார். மல்சுக்கும் அதையே செய்தார்.

அந்த நாகரிகத்துக்குள் ஒரு கத்தி இருக்கிறது. அநியாயமாக நீக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் தொழிலாளர் ஆணையத்தில் முறையிட வேண்டும். கெடு தாண்டினால் எத்தனை பெரிய நியாயத்துக்கும் அந்தக் கதவு திறக்காது. காத்திருக்கச் சொன்ன வாயே, காலம் கடந்தபின், 'அன்றைக்கே நீக்கிவிட்டேனே' என்று சொல்லும்!

மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு, சுசோக் அறுவடைப் பண்டிகை முடிந்ததும் மல்சுக் ஆலைக்கு வந்தார். அவருடைய கொப்பரைக்கு முன்னால் வேறொருவர் நின்றார். "உங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார் மேலாளர். அதே ஆலையில் மீன் அரைக்கும் நான், மறுநாளே அவரை ஆணையத்துக்கு அழைத்துச் சென்றேன்.

"போன் வரும் போன் வரும்னு உக்காந்திருந்தேனே, என்னை மாதிரி மடச்சி உண்டாடி?"

"மடச்சியா வேணா இருங்கக்கா. வாய மூடிட்டு மட்டும் இருக்காதீங்க."

விசாரணையன்று முதலாளியின் வழக்கறிஞர் எழுந்தார். "இவங்கள கோடையிலேயே நீக்கியாச்சு. கெடு தாண்டிருச்சு. மனுவையே ஏத்துக்கக் கூடாது."

வேலை போனது எந்த நாள்? அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொங்கியது.

"நீக்கிட்டாங்கன்னு உங்களுக்கு அப்பவே தெரியாதாம்மா?" என்று கேட்டார் ஆணையத் தலைவர்.

"ஓய்வெடுக்கத்தான் சொன்னாருங்க. சுசோக்குக்கு ஆலையில இருந்து பண்டிகைப் பரிசா ஹாம் இறைச்சி டப்பாப் பெட்டிகூட வீட்டுக்கு வந்துச்சு."

பியோனால் பொறுக்க முடியவில்லை. தம் கொடைக்குணத்தைச் சபையறியச் சொல்லும் வாய்ப்பை அவர் என்றுமே நழுவவிட்டதில்லை.

"பாருங்கய்யா! பெரிய பெட்டி, சமையல் எண்ணெயும் சேர்த்து! இந்தக் காலத்துல எவன் குடுப்பான்?"

வழக்கறிஞர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேலைய விட்டுப் போனவங்களுக்கும் அனுப்புவீங்களா?" என்றார் தலைவர்.

"அவங்களுக்கு எதுக்குங்க? ஹாம் என்ன மரத்துலயா காய்க்குது? என்கிட்ட வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான்!"

சொல்லி முடித்துவிட்டு அவர் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். வழக்கறிஞர் இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

"அப்ப பண்டிகை வரைக்கும் இவங்க உங்க ஆளு" என்றார் தலைவர் நிதானமாக.

கெடு பண்டிகைக்குப் பிறகே தொடங்கியது என்று ஆணையம் முடிவு செய்தது. காரணத்தையும் தேதியையும் எழுத்தில் தராத நீக்கம் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

மல்சுக் திரும்பி வந்த முதல் நாள், உணவு இடைவேளையில், உடைந்த மீன்கேக் துண்டுகளைக் கொதிக்கும் சாற்றில் போட்டு எங்கள் எல்லோருக்கும் ஊற்றினார். அந்தப் பக்கம் வந்த பியோனையும் விடவில்லை.

"நீங்களும் ஒரு கிண்ணம் குடிங்க முதலாளி. அன்னைக்கு நல்லா பேசினீங்க."

அவர் வாங்கிக் குடித்தார். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்!

ஆனால் தோழர்களே, தற்பெருமையால் தடுக்கி விழும் முதலாளி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாளை முதல் வரவேண்டாம் என்று எவர் எத்தனை இனிப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே கேளுங்கள்: இது நீக்கமா, இல்லையா? எழுத்தில் கொடுங்கள்! மழுப்பினால் ஆணையத்தின் படியேறுங்கள். அருகில் நின்று உழைப்பவர்களே, அவரைத் தனியே அனுப்பாதீர்கள். கெடு முடியுமுன் கூடவே எழுந்து நடங்கள்!