அணிலக்கா திருடவில்லை

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. குற்றவாளி பிடிபடும் வரைக்கும் அந்த ஆளை 'ஆள்' என்றுதான் சொல்ல வேண்டும். அவன், அவள் என்று சொல்லக் கூடாது. அவர் என்றும், மரியாதைக்குரிய பெண்களுக்கு நாங்கள் சொல்லுகிற 'அவ' என்றும் சொல்லக் கூடாது. ஆள் வந்தது, ஆள் போனது, ஆள் ஒளிச்சது. அவ்வளவுதான்.

சட்டத்தைப் போட்டவள் நான். நாங்கள் குடும்பமாக விளையாடிய வீடியோ விளையாட்டு ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு துறைமுக ஊர், அங்கே எல்லாரும் மிருகங்களும் பறவைகளும். துப்பறிபவர் ஒரு கிழக் கொக்கு. ஆங்கிலத்தில் ஒருவர் மழைச்சட்டை போட்டுக்கொண்டு பத்துப் பக்கத்துக்கு நடமாடலாம், ஆணா பெண்ணா என்று ஒருவருக்கும் தெரியாது. தமிழில் அது நடக்காது. வினைச்சொல்லின் வால் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்பா அடைக்கலநாதன் குருநகரில் கடல் தொழில் செய்பவர். சனி இரவு எங்கள் பகுதியில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை, மத்தியானம் மீன் குழம்பு, மூன்று மணிக்கு விளையாட்டு. அண்ணை ஜெனிஸ்ரன் மடிக்கணினியை ரீவியோடு பொருத்தி அந்தக் கொக்கை, எங்கள் கொக்கரை, நடத்திக்கொண்டு போவான். திரையில் வரும் ஆங்கிலத்தை நான் உடனுக்குடன் தமிழில் சொல்வேன். அம்மா அருமைநாயகியும் அப்பாவும் யார் கள்ளன் என்று ஊகிப்பார்கள். மற்றவர்கள் இல்லாமல் ஒருவரும் ஒரு அடிகூட முன்னுக்குப் போகக் கூடாது. அது இரண்டாவது சட்டம்.

முதலாம் பாகத்தை முடிக்க எங்களுக்குப் பதினொரு ஞாயிறு எடுத்தது. அது மூன்று வருடத்துக்கு முன்பு. கொக்கருக்கு உதவியாக ஒரு அணில் வரும். துறைமுகத்தில் பேக்கரி வைத்திருக்கும் அணில். கொக்கர் சோர்ந்து போய் உட்காரும்போதெல்லாம் சூடாக ஒரு பணிஸ் கொண்டுவந்து வைக்கும். அம்மாவுக்கு அந்த அணிலென்றால் உயிர். முதல் நாளே அதற்கு 'அணிலக்கா' என்று பெயர் வைத்துவிட்டார். அப்பாவுக்கு நகரத் தலைவராக வரும் நண்டைப் பிடிக்காது.

"உந்த நண்டை நம்பாதேங்கோ," என்பார். "நேர நடக்கத் தெரியாதவன். நான் எத்தினை ஆயிரம் பேரைப் பிடிச்சிருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

முதலாம் பாகத்தில் நண்டு குற்றமற்றவர். அப்பா அதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

நான் வேறு மொழிகளிலிருந்து வந்த நாவல்களை வாசிப்பவள். பனி பெய்கிற ஊர்கள், சோளக் கொல்லைகள், பெயரைச் சொல்லவே நாக்குச் சுழலுகிற ஆட்கள். ஒரு நாவலைக் கையில் எடுத்தால் ஆசிரியரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரின் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன். ஞாயிறு மூன்று மணி தொடங்கி ஐந்து மணி வரைக்கும் அந்தச் சின்ன எழுத்துப் பெயர் நான்தான்.

நாவல்களை எனக்குக் கொண்டுவந்து தருபவள் தயாளினி. கொக்குவில்காரி, பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கிறாள். திங்கட்கிழமைகளில் கன்ரீனில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, "நேற்று எவடம் மட்டும் வந்தனியள்? ஆர் எண்டு நினைக்கிறாய்?" என்று கேட்பாள். நான் முழுவதையும் சொல்வேன். கொக்கரின் இருமல், நண்டுத் தலைவரின் சங்கிலி, அணிலக்காவின் மாப் படிந்த கை. நாடியில் கையை ஊன்றிக்கொண்டு கேட்பாள். அவளைப்போல் கேட்பவர்கள் குறைவு.

இரண்டாம் பாகம் இந்த வருடம் ஒரு புதன்கிழமை வந்தது. அண்ணை வாங்கி இறக்கினான். அவன் ரவுன் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்கிறான். மடிக்கணினி காலையில் அவனோடு போய் மாலையில் அவனோடு வரும். ஞாயிறு வரைக்கும் நான் நாட்களை எண்ணினேன்.

முதல் ஞாயிறே எனக்கு ஏதோ குறைந்தது. மழை அழகாகத்தான் பெய்தது, தண்ணீரில் விளக்குகள் உண்மைபோலவே நடுங்கின. ஊரும் பெரிதாகியிருந்தது. ஆனால் முந்தி தடயங்களை நாங்களே ஒரு கொப்பியில் எழுதினோம். இப்போது கொக்கர் அரை நிமிடம் சும்மா நின்றால் மூலையில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. அதை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று காட்டுகிறது. கதைகூட யாரோ அவசரமாக எழுதியது மாதிரி இருந்தது. கலங்கரை விளக்கத்தின் பெரிய கண்ணாடி களவு போய்விட்டது, மழைச்சட்டை போட்ட ஒரு ஆள் திரிகிறது. அம்மா மட்டும் அணிலக்காவைக் கண்டதும் கையைத் தட்டினார். "இங்கை பாருங்கோ, என்ரை ஆள் வந்திட்டா!"

மூன்றாம் ஞாயிறு எனக்குத் தொண்டை கட்டி, சத்தமே வரவில்லை. அண்ணை, "நான் சொல்லுறன்," என்றான். அவன் சொல்வது முறிந்து முறிந்து வரும். ஆனால் விளங்கும்.

மழைச்சட்டை போட்ட ஆள் கலங்கரை விளக்கத்துப் படியால் இறங்கி வந்தது. முகம் தெரியவில்லை. அண்ணை சொன்னான்: "ஆள் இறங்கி வருகுது. கதவைப் பூட்டுது. பூட்டிப்போட்டு, திறப்பைச் சட்டைக்குள்ளை செருகினவ."

அம்மா இரவுக் குழம்புக்குப் புளி ஊறப்போட எழும்பிப் போயிருந்தார். அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அந்தச் சொல்லின் வால் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

அதற்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை, அண்ணையைப் பார்த்தேன். ஐந்து இழுப்பறைகளில் சரியான இழுப்பறையை முதலாவதாகவே திறந்தான். வெறும் அறைகளுக்குள் போகவே இல்லை. ஒரு கதவு படாரென்று திறந்தபோது அப்பா திடுக்கிட்டார். அண்ணை அந்தக் கதவைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எப்போது பயப்படுவார் என்று தெரிந்து காத்திருந்த ஆளின் சிரிப்பு.

அடுத்த நாள் பின்னேரம் அவன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். எனக்கு இன்னும் குரல் வரவில்லை. கிசுகிசுத்துத்தான் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது.

"அண்ணை, நேற்று 'செருகினவ' எண்டு சொன்னனி."

"என்னெண்டு? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"செருகினவ!"

"ஓ. வாய் தவறியிருக்கும். சட்டத்தை மீறிப்போட்டன், மன்னிக்கோணும் நீதவான் அம்மா."

"வாய் தவறினா 'செருகினவன்' எண்டுதான் வரும். கள்ளன் எண்டா எல்லாற்றை வாயிலையும் ஆம்பிளைதான் வரும். நீ பொம்பிளையாச் சொன்னனி. அதிலையும் மரியாதையாச் சொன்னனி. கள்ளிக்கு ஆர் மரியாதை குடுக்கிறது? அந்த ஊரிலை நாங்கள் 'அவ' எண்டு சொல்லுற ஆள் ஒராள்தான் இருக்கிறா."

துணியை வாளிக்குள் போட்டான்.

"அணில்தான்," என்றான். "நான் முடிச்சிட்டன்."

"எப்ப?"

"வந்த கிழமையே. வியாழனும் வெள்ளியும். பின்னேரத்திலை கடையிலை ஆக்கள் இல்லை."

"எங்களுக்கு முன்னாலையே? பிறகு மூண்டு ஞாயிறு வந்து எங்களோடை இருந்து நடிச்சனியோ?"

"நடிப்பென்னடி? நான்தானே ஓட்டினனான்."

"தனியவோ விளையாடினனி?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடப் போனான். மூடிவிட்டுத் திரும்பி நின்று, "தயாளினியோடை," என்றான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ இருப்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அவளுடைய தொலைபேசி மாதத்துக்கு இரண்டு தரம் பழுதாகியது. அது எனக்கு நோகவில்லை. என் மனதில் வந்தவை அந்தத் திங்கட்கிழமைகள்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, நாடியில் கையை ஊன்றிக்கொண்டு, "ஆர் எண்டு நினைக்கிறாய்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். இரண்டு திங்களும் நான் ஆட்டுத் தபால்காரர்தான் கள்ளன் என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். "ஓமடி, இருக்கும்," என்று தலையாட்டினாள்.

"அவள்தான் ஆசைப்பட்டவள்," என்றான் அண்ணை. "நீ கதை சொல்லிச் சொல்லித்தான் ஆசை வந்ததாம். நல்லாத்தான் போச்சுது. அவளுக்கு இங்கிலிசு தெரியுந்தானே, ஒருத்தரும் நிண்டு தமிழிலை சொல்லத் தேவையில்லை. ரெண்டு நாளிலை கெதியா முடிஞ்சிட்டுது."

நான் அவன் முகத்தையே பார்த்தேன்.

"என்னடி முழுசிறாய்? விளையாட்டுத்தானே, ஜெசி. அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

"எதை? விளையாட்டையோ, தயாளினியையோ?"

"ரெண்டையும்," என்றான். முகம் சின்னதாகியிருந்தது.

நான் சொல்லவில்லை. தயாளினியிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அடுத்த திங்களும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். ஒரு இடத்தில் நிறுத்தி அவள் கண்ணைப் பார்த்தேன். "பிறகு?" என்றாள். அவ்வளவு வடிவாகக் கேட்டாள்.

ஐந்தாம் ஞாயிறு கடைசிக் காட்சி வந்தது. எனக்குக் குரல் திரும்பியிருந்தது. நகர மண்டபத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஆட்டுத் தபால்காரர், இரண்டு காகங்கள், நண்டுத் தலைவர், அணிலக்கா. கொக்கர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

"அணிலக்காவைப் பாருங்கோ, பயந்துபோய் நிக்கிறா," என்றார் அம்மா. கதிரையின் விளிம்புக்கு வந்திருந்தார். "அவவையும் ஏன் உந்தக் கள்ளரோடை நிப்பாட்டினது?"

திரையில் கொக்கர் அவவின் பெயரைச் சொல்லிவிட்டார். புதிதாக வந்த பெரிய பேக்கரி அந்த வருடக் கலங்கரை விளக்கத் திருவிழாவை நடத்தப் போகிறது என்ற பொறாமையில், விழாவே நடக்காமல் போகட்டும் என்று கண்ணாடியை எடுத்தாவாம். பணிஸ் சுட்ட கையால். இதை எழுதியவர்களுக்கு முதலாம் பாகம் ஞாபகமே இல்லையா என்று தோன்றியது. அம்மா ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆனால் அவர் ஒரு சொல்லை முடிப்பதற்குள் வரி மாறிவிடும். அப்பா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொக்கர் சொல்லுறார்," என்றேன். "களவெடுத்தது நண்டுத் தலைவர்."

அப்பா துள்ளி எழும்பினார். "பாத்தியளே! மூண்டு வருசத்துக்கு முதலே சொன்னனான்! ஆரும் கேட்டியளே?"

அண்ணை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது.

"என்னடா?" என்றார் அப்பா.

அண்ணை என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்டுமில்லையப்பா," என்று திரும்பிக்கொண்டான்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு வரியையும் நான் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அணிலக்கா அழுதா. "நண்டிலை பரிதாபப்பட்டு அழுறா," என்றேன். நண்டு தலை குனிந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது. கடைசியில் அணிலக்கா விளக்குமாறோடு கலங்கரை விளக்கத்துப் படிகளைக் கூட்டுகிற படம் வந்தது. அதுதான் அவவுக்குக் கொடுத்த தண்டனை.

"நண்டு செய்த வேலைக்கு உவ ஏன் கூட்டுறா?" என்றார் அம்மா.

"தானா முன்வந்து செய்யிறாவாம்."

"அதுதான் மனம்," என்று அம்மா கண்ணைத் துடைத்தார்.

அம்மா என்னை அப்படி நம்பினார். நானும் அந்த மொழிபெயர்ப்பு நாவல்களின் ஒவ்வொரு வரியையும் அப்படித்தான் நம்பியிருக்கிறேன். பனி ஊர் நாவலொன்றில் செத்தவன் உண்மையிலேயே செத்தானா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. அப்பா பக்கத்து வீட்டு மதிலால் எட்டிப் பார்த்து நண்டின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அண்ணை வயர்களைச் சுருட்டினான். என்னைக் காட்டிக்கொடுத்தால் அவனுடைய கதையும் வெளியே வரும். ரீவியைத் துடைத்துவிட்டு வெளியே போனான்.

ஆறு மணிபோல் தயாளினியிடமிருந்து செய்தி வந்தது. 'இண்டைக்கு முடிஞ்சிருக்குமே? ஆரடி கள்ளன்?'

'நண்டு' என்று அனுப்பினேன். பிழை என்று அவளுக்குத் தெரியும். 'இல்லையடி, அணிலெல்லோ' என்று ஒரு வரி எழுதினால் போதும். என்ன நடந்தது என்று அவளே சொல்லத் தொடங்கலாம். நானும் ஏசிவிட்டு, அழுதுவிட்டு, அடுத்த கிழமை அவளிடம் நாவல் வாங்கலாம்.

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதினாள்.

'நண்டே! எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது. நாளைக்கு வந்து ஒண்டும் விடாமைச் சொல்லோணும், சரியே?'

'ஓம்' என்று போட்டுவிட்டு, நண்டு அந்தக் கண்ணாடியை எந்த வழியால் கொண்டுபோயிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.