ஐந்தெழுத்து மேனேஜர்

அந்த உதிரிபாகக் குடோனில் ஆறு மாதமாக, காலை ஒன்பது மணிக்கு முதலில் நடப்பது ஆங்கிலம்தான், வேலை அதற்கப்புறம். புது மேனேஜர் வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டம் போடுவார். நடுவில் ஓர் எழுத்து, கடைசியில் ஓர் எழுத்து நிரப்பிவிட்டு, "மீதி மூணும் என்ன? கொஞ்சம் மூளையக் கசக்குங்க" என்பார். குடோன் ஆட்கள் பன்னிரண்டு பேரும் கைகட்டி நிற்க வேண்டும். தெரியாமல் விழித்தவர்கள் சாயங்காலம் வரை அவர் வாயில் அரைபட வேண்டும். எட்டாவது அடுக்கிலிருந்து பெட்டியை முட்டை மாதிரி இறக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரை, ஒருநாள் விழித்த பாவத்துக்கு, வாரம் முழுக்க 'நாலெழுத்து' என்று கூப்பிட்டார்.

மேனேஜருக்கு 'அஞ்செழுத்து' என்று பெயர் வைத்தது ஸ்டோர் அக்கா. அவள் அந்தக் குடோனின் ஸ்டோர்கீப்பர். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவள்தான். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் படித்து, மூவாயிரம் சாமான்களின் பெயரும் எண்ணும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு போல்ட் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் மேனேஜர் முதலில் திரும்பிப் பார்ப்பது அவளைத்தான்.

அன்றைக்கு அஞ்செழுத்து ஐந்து எழுத்தையும் கலைத்துப் போட்டார். ஏ, கே, ஆர், பி, ஈ.

"ஒரு க்ளூ தர்றேன். நம்ம குடோன்லயே இருக்கு. வண்டிக்கு ரொம்ப முக்கியம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வரிசை முழுக்க அதுதானே அடுக்கியிருக்கிறது! "பிரேக் சார். பி, ஆர், ஏ, கே, ஈ."

"வார்த்தை சரி, ஸ்பெல்லிங் தப்பு!" மேனேஜர் துள்ளிக் குதிக்காத குறை. பலகையில் பெரிதாக எழுதினார்: பி, ஆர், ஈ, ஏ, கே. "பாருங்க. இத்தனை வருஷமா லேபிள்ல தப்பாவே அடிச்சிருக்கீங்க. கம்பெனி மானம் கப்பலேறுது."

"சார், தயாரிக்கிற இடத்துலேர்ந்து வர்ற பெட்டியிலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

"அவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானோ! நாளைக்கு பஸ் டிப்போவுக்குப் போற நானூறு பெட்டியிலயும் லேபிளை மாத்துங்க."

அக்கா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். "எழுதிக் குடுத்துடுங்க சார். எனக்கு ஸ்பெல்லிங் வராதே."

கிண்டல் அவருக்கு உறைக்கவில்லை. பூ போட்ட கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே மகளிடம் சொன்னாள். மகள் கைப்பேசியை எடுத்தாள்.

"இதுக்கெல்லாம் மூளையே வேணாம்மா, ஆப் இருக்கு. எழுத்தைப் போட்டு, அஞ்சுன்னு குடுத்தா லிஸ்ட்டே கொட்டும். இதோ பாரு, மூணு வருது. முதல்ல ரொட்டி சுடுறவன். அடுத்தது வண்டி பிரேக். கடைசியில உடைக்கிற பிரேக். உங்க சார் கடைசியில இருக்கறதை எடுத்திருக்காரு."

"ரொட்டிக்காரனை எடுக்காம விட்டானே, அதுவரைக்கும் புண்ணியம்" என்றாள் அக்கா. ஆறு மாதமாக இந்த ஆளுக்கு முன்னாலா கைகட்டி நின்றோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் புது லேபிளோடு நானூறு பெட்டியும் போயின. மதியத்துக்குள் டிப்போவின் தலைமை மெக்கானிக்கிடமிருந்து அக்காவுக்குப் போன். அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஏன்க்கா, இதைப் பஸ்ல மாட்டணுமா, இல்ல சுத்தியல் எடுத்து உடைக்கணுமா? உங்க பெட்டியில உடைன்னு போட்டிருக்கே! லேபிள் தப்பா இருந்தா உள்ள எடுக்க மாட்டாங்க. திருப்பி அனுப்பிட்டேன்."

நாலு மணிக்கு நானூறு பெட்டியும் வாசலில் வந்து இறங்கின. பின்னாலேயே முதலாளியம்மாவின் காரும் வந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

அஞ்செழுத்து யோசிக்கவே இல்லை. "மேடம், ஸ்டோர்ல படிப்பு கம்மி. நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்..."

அக்கா, அவர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினாள். முதலாளியம்மா கையெழுத்தைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இது தப்புன்னு அக்கா நேத்தே சொன்னாங்க மேடம்" என்றார் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

"தெரியாம எழுதினது தப்பில்ல. தெரிஞ்சவங்க சொல்லியும் கேக்காம, இப்ப அவங்க தலையிலயே கட்டப் பாத்தீங்களே, அது தப்பு. இந்த நானூறையும் நீங்களே மாத்துங்க. யாரும் கூட உக்காரக் கூடாது."

முதலாளியம்மாவின் கார் போன பிறகு, அஞ்செழுத்து சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஒவ்வொரு பெட்டியாக அவர் காலடியில் மெதுவாக இறக்கி வைத்துக்கொண்டே இருந்தார். வேகமாக இறக்க அவருக்குத் தெரியாதாம்.

மேனேஜர் தலை நிமிரவில்லை. "அக்கா, இப்ப... ஏ முன்னாடியா, ஈ முன்னாடியா?"

அவர் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை.

"பெட்டியிலயே அச்சடிச்சிருக்கு சார். படிச்சுப் பாருங்க."

பத்தாவது பெட்டியில் அவர் லேபிளைக் கோணலாக ஒட்டினார். அக்கா குனிந்து, நகத்தால் மெல்ல உரித்தெடுத்து, நேராக ஒட்டுங்கள் என்று அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். தன் ஸ்டோரிலிருந்து கோணல் லேபிளோடு ஒரு பெட்டி வெளியே போவதை அவளால் பொறுக்க முடியாது.