சண்முகசுந்தரம் சொல்லாத வாக்கியம்

1

இந்தக் கதையை ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்தான் எழுதத் தொடங்கினேன். உள்ளே ஐசியூவில் தனகோட்டி கிடந்தான். வெளியே நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். கேவலமான காரியம்தான். சும்மா உட்கார்ந்து காத்திருக்க எனக்குத் தெரியாது.

முதல் வரி: ‘நெய்வேலிச் சுரங்கத்தின் மேல் இருள் கவிந்து...’

அடித்துவிட்டேன். காலை பதினொரு மணி, சுள்ளென்று வெயில். எதிர் பெஞ்சில் ஒருவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வரி: ‘தனகோட்டி இறந்த அன்று...’

இதை அடிக்கவில்லை, கிழித்தேன். (அவன் சாகவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களைக் கடைசிவரை இழுத்தடிக்க எனக்குத் தெம்பில்லை. போன வாரம் என் வீட்டில் நாலு தோசை சாப்பிட்டான்.)

2

தனகோட்டிக்கு நாற்பத்திரண்டு வயது, கம்மாபுரம் பக்கம் ஊர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. அதே பெல்ட்டில் நான் ஃபோர்மேன், பெர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். ஐப்பசி மழையில் அவன் ரப்பர் கம்பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. குதிகாலில் ஏற்கெனவே ஒரு தகடு கிழித்த காயம். யாரிடமும் காட்டவில்லை. நாலாம் நாள் காய்ச்சல்.

நைட் ஷிப்டு முடிந்து பகல் ஷிப்டுக்கு மாறுகிற வாரத்தில் உடம்பு சுட்டால் எங்களுக்கு அது ஷிப்டுக் காய்ச்சல். தலை வலித்தாலும், பெண்டாட்டியிடம் எரிந்து விழுந்தாலும்கூட ஷிப்டுதான். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது, அதுதான் வம்பு.

3

முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

‘தனகோட்டி சாயங்காலம் சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் சாருக்குப் போன் போட்டான். “உடம்பு சுட்டுகினு இருக்கு சார், கை காலெல்லாம் நடுங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா?” அவர் சிரித்தார். “ஷிப்டு மாறுதுல்ல, அப்படித்தான் இருக்கும். மாத்திரை போட்டுத் தூங்கி எழு.”’

இந்தச் சண்முகசுந்தரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சர்க்கரை வியாதி கொடுத்தேன். ஊரைத் தென்காசிக்கு மாற்றினேன். எதைச் செய்தாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மட்டுமே வந்துவிட்டுப் போகிற ஆளாக இருந்தார்.

(சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.)

4

மறுநாள் காலை தனகோட்டிக்கு நினைவு தப்பியது. அவன் மனைவி செவ்வந்தி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. நெஞ்சில் எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர் எழில்மதி செவ்வந்தியையும், தகவல் கேட்டு ஓடிவந்திருந்த என்னையும் கூப்பிட்டார்.

“கால் புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல பரவிடுச்சும்மா. அதை எதிர்க்கப் போயி உடம்பே தடுமாறிடுச்சு. அதுல இதயமும் சோர்ந்துபோச்சு. பம்ப் பண்றது நூத்துக்கு அறுபது இருக்கணும், இவருக்கு இருபத்தஞ்சுதான் இருக்கு.”

“ஹார்ட் அட்டாக்குங்களா?”

“இல்லம்மா, பார்த்த வரைக்கும் அடைப்புக்கான அடையாளம் இல்ல. தசைதான் துவண்டிருக்கு. இந்தக் கண்டத்தைத் தாண்டிட்டாருன்னா, ஒரு வாரம் பத்து நாள்ல இதயம் பழையபடி திரும்ப வாய்ப்பு இருக்கு. தாண்டணும்.”

பம்ப் என்ற சொல் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கிற பம்புகள் ராப்பகலாக ஓடுகின்றன. நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஒன்பது நாள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது, ஐந்தாம் நாள் வந்தது. (இதை எழுதலாமா என்று யோசித்தேன். அன்று சிறுநீர் வந்ததைக் கேட்டு நானும் செவ்வந்தியும் அழுதோம், அதனால் இருக்கட்டும்.) பத்தாம் நாள் மறுபடி எக்கோ. டாக்டர் வெளியே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு.

அப்பாடா என்ற சொல்லை அவ்வளவு சத்தமாக நான் சொன்னதே இல்லை.

5

இனி மறைக்க முடியாது. சண்முகசுந்தரம் என்று யாரும் இல்லை. தூங்கி எழு என்று போனில் சொன்னது நான்.

இதயம் திரும்பாமல் போயிருந்தால் இதைச் சொல்லியிருப்பேனா? அவருக்கு இன்னும் நல்ல மீசையாகத் தேடிக்கொண்டிருப்ப...

6

தனகோட்டி தோசை சாப்பிட வந்த அன்று, அவன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் செவ்வந்தியிடம் கதையை வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் பகுதியை மட்டும் வேகமாகப் படித்து முடித்தேன்.

“அது நீங்கதான்னு தெரியும் சார்,” என்றாள். “போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான பேசுனாரு. நான் பக்கத்துலயே கேட்டுகினுதான இருந்தேன்.”

அந்த ஒன்பது நாளும் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தவள் அவள்.

“ஆனா ஒண்ணு வுட்டுட்டீங்க.”

“என்னம்மா?”

“தூங்கி எழுன்னதுக்கு அப்புறம் இன்னொண்ணு சொன்னீங்க. நாளைக்கு பெல்ட்டு மாத்தற வேல இருக்கு, ஆள் கம்மி, வராம இருந்துடாதன்னீங்க. அதையும் எழுதுங்க சார். அவருதான் நல்லாயிட்டாரே, இப்ப எழுதுனா என்ன?”

எழுதிவிட்டேன். மேலே இருக்கிறது, அவள் வாயால்.

7

முடிவு ஒன்று பாக்கி.

தனகோட்டி இந்த வாரம் வேலையில் சேர்ந்தான். நேற்று சாயங்காலம் போன் வந்தது.

“சார், லேசா தும்மலா இருக்குது. உடம்பும் கொஞ்சம் கதகதன்னு இருக்குது. நாளைக்கு வரட்டுமா?”

நாளைக்கு பெல்ட்டில் வேலை இருக்கிறது. ஆளும் கம்மிதான்.

நான் சொன்ன பதிலை இங்கே எழுதப்போவதில்லை. அந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன்:

“........................”

எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருக்கிறது, செவ்வந்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.