சூப்பர்வைசரின் பற்கள்

சீட்டில் இருந்த பெயரை அவள் மூன்று தடவை படித்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நான்காம் தடவையும் படித்தாள். பெயர் மாறவில்லை. மேசைமேல் பிளாஸ்டர் அச்சு இரண்டு, மேல்வாய் ஒன்று, கீழ்வாய் ஒன்று, ஈரம் காயாமல் இருந்தன. ஒரு பல்கூட இல்லை, வெறும் ஈறு. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பதினெட்டு வருஷமாகப் பல் செட் செய்கிறவளுக்குப் பொக்கை வாய் ஒன்றும் புதிதில்லை. இந்த வாயைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஆண்டவரே, இது உமக்கே நல்லா இருக்கா?" என்று அச்சைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் வீட்டுக்காரர் ஒரு சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கிரேனின் கம்பிக் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் ஒரே மாதத்தில் மூன்று தடவை சொன்னார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். நான்காவது வாரம் கயிறு அறுந்து, கீழே நின்ற லோடுமேனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. விசாரணை நடந்தபோது, "என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார் சூப்பர்வைசர். வாய்வார்த்தையாகச் சொன்னதற்குச் சாட்சி ஏது? வீட்டுக்காரரின் வேலை போனது, ஓட்டும் லைசென்ஸ் போனது. இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தின் வாசலில் நின்று தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்குகிறார். சூப்பர்வைசரோ ஞாயிறுதோறும் இவர்கள் போகும் அதே ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, எழுந்து போய், கணீரென்று வேதம் வாசித்துக்கொண்டிருந்தார்.

அவள் போதகரிடம் போய் முறையிட்டாள். "பழி வாங்குறது ஆண்டவரோட வேலைம்மா, நம்ம வேலை இல்லை" என்றார் போதகர். "சரி பாஸ்டர், அவரோட வேலையை அவர் எப்போ செய்வார்னு கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார், தெய்வம் நின்று கொல்லும் என்றார்கள். இரண்டு வருஷமாக நிற்கிறதே, கால் வலிக்காதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வேதத்தில், துன்மார்க்கனுடைய பல்லைத் தகர்த்துப்போடும்படி ஒருவன் மன்றாடுகிற இடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிறை வைத்துக்கொண்டு தினமும் காலையில் அதையே ஜெபமாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் தொழிலுக்குப் பொருத்தமான ஜெபம்தான்.

ஜெபம் கேட்கப்பட்டது. சூப்பர்வைசருக்கு ஈறு அழுகி, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதாயிற்று. வாய்மேல் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவர் கடைசி வரிசைக்கு வந்த முதல் ஞாயிறு, அவள் வயதை மறந்து உரக்கப் பாடினாள். பல்லு போனால் சொல்லு போச்சு. அந்தச் சந்தோஷம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. திருவிருந்தில் கொடுத்த அந்தத் துளி அப்பத்தை மெல்ல முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, அது தானே கரையட்டும் என்று அவர் நின்றதைப் பார்த்துத் தொலைத்தாள். மனசு கொஞ்சம் இளகியது. இளகியதே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

கேட்டதைக் கொடுத்த கடவுள் அதோடு விட்டிருக்கலாம். ஊரில் எத்தனையோ பல் ஆஸ்பத்திரி இருக்க, உடைத்ததைக் கட்டித் தரச் சொல்லி அந்த வாயை இவள் மேசைக்கே அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது, வீட்டுக்காரர் காலணியைக் கழற்றிக்கொண்டே காதில் வாங்கினார். நாள் முழுக்க வாசலில் நின்று பாதம் வீங்கியிருந்தது.

"சீக்கிரம் கட்டிக் குடு" என்றார்.

"என்னது?"

"வேலை போனதுக்கு நான் போட்ட மேல்முறையீட்டு விசாரணையை ரெண்டு தடவ தள்ளி வச்சாச்சு. பல் இல்ல, பேச முடியலன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் அனுப்பிட்டார் அவர். அடுத்த வியாழக்கிழமை மூணாவது தேதி. நீ பல்லைக் குடுத்தா அவருக்குச் சாக்கு இல்லை."

"குடுத்தா மட்டும்? அதே பல்லை வச்சுக்கிட்டு அதே பொய்யைத்தானே சொல்லுவார்."

"சொன்னா சொல்லட்டும். ஆண்டவர் பார்த்துப்பார்."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கார். ரெண்டு வருஷமா."

அவர் சிரித்தார். இந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. இடிவிழுந்தாலும் இந்த மனுஷன் குடையைத் தேடமாட்டார். ஒருகாலை மடித்து வைத்துப் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டே, அவர் வேறு குரலில் சொன்னார்: "எனக்கு வேலைகூட வேண்டாம்மா. அந்த லோடுமேன் நேத்து நான் நிக்கிற வாசல் வழியாப் போனான். கட்டைக்காலோட. நான் கம்பைத் தூக்கினேன். முகத்தைத் திருப்பிக்கிட்டான். அவனுக்குத் தெரிஞ்சா போதும், நான் சொன்னேன்னு."

அவள் அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

மறுநாள் பற்களை மெழுகில் அடுக்க உட்கார்ந்தாள். மேலே பதினாலு, கீழே பதினாலு. இடப்பக்கக் கடைவாய்ப் பல்லை ஒரு தலைமுடி அளவு உயர்த்தி வைத்தால் போதும். யாருக்கும் தெரியாது, கடிக்கும்போதெல்லாம் தாடை வலிக்கும், காது வரைக்கும் குத்தும். வைத்தாள். வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். பாதி டம்ளரில் திரும்பி வந்து, அதைப் பிடுங்கிச் சரியாக வைத்தாள். இரக்கமெல்லாம் இல்லை. கோணலாக ஒரு பல் மேசையில் இருப்பதை அவள் கை பொறுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "சந்தோஷமா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

மெழுகிலேயே ஒருமுறை வாயில் பொருத்தி, கடித்துப் பார்த்து, பேசிப் பார்ப்பது வழக்கம். அதற்குப் பிறகுதான் செட்டைக் கெட்டியாக வார்ப்பார்கள். பேசிப் பார்க்க ஒரு வாக்கியம் வேண்டும். அதில் 'ச'வும் 'த'வும் நிறைய வர வேண்டும், பேசுகிறவருக்குப் பழக்கமானதாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் நாக்கு இயல்பாகப் புரளும். அதை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு, சத்தம் போடாமல் உட்காரச் சொல்லி எழுதினாள். பஸ் கண்டக்டருக்கு, படியில் தொங்காதே என்று எழுதினாள். அந்தக் கண்டக்டர் பல் பொருத்திய சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"அக்கா, இவர் சர்ச்சுல வேதம் வாசிக்கிறவராம். அந்த மாதிரி ஏதாவது எழுதுங்க" என்று டாக்டர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

பேனாவை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பழிவாங்குவது உம்முடைய வேலை, சரி. உள்ளதை எழுதிக் கொடுப்பது பழிவாங்கலா? நீரே சொல்லும். வழக்கம்போலப் பதில் இல்லை. பதில் சொல்லாத கடவுளோடு குடித்தனம் நடத்துவது, பேசாத வீட்டுக்காரரோடு குடித்தனம் நடத்துவதைவிடக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டே எழுதினாள். 'ச'வும் இருந்தது, 'த'வும் இருந்தது. தொழில்ரீதியாக அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"அக்கா, கடி சரியான்னு வந்து பாருங்க" என்று டாக்டர் கூப்பிட்டபோது, மெழுகுக் கத்தியோடு போனாள். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அவளைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் வைத்து அடையாளம் தெரியவில்லை போலும். அவள் முகமூடியை மோவாய்க்கு இறக்கினாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அசையாதீங்க சார், மெழுகு. விழுந்துடும்" என்றார் டாக்டர், தாளை அவர் கையில் கொடுத்து. "இதைச் சத்தமா வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி வேணுமா சார்?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். ஆலயத்தில் வாசிப்பதற்கு முன்னால் செருமுவாரே, அதே செருமல். பிறகு வாசித்தார்: "கயிறு தேஞ்சு போச்சுன்னு அவர் மூணு தடவ என்கிட்ட சொன்னார். நான்தான் சும்மா இருந்தேன்."

டாக்டர் காதை அவர் வாய்ப்பக்கம் சாய்த்து நின்றார். வார்த்தை எதுவும் அவருக்குள் போகவில்லை, சத்தம் மட்டும்தான் போயிற்று. "'ச' விசிலடிக்குது. இன்னொரு தடவ சொல்லுங்க."

இன்னொரு தடவை சொன்னார். "சொன்னார்" என்ற இடத்திலும் "சும்மா" என்ற இடத்திலும் காற்று சீறியது. அவள் செட்டை வாங்கி, கத்தியைச் சூடாக்கி மெழுகை இளக்கி, முன்பற்கள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். மனசுக்குள் ஒரு வெற்றியும் வரவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள் காதில் விழுந்தும், லோடுமேன் இங்கே இல்லை, வீட்டுக்காரர் இங்கே இல்லை, கேட்டவள் இவள் ஒருத்திதான். இதுதானா உம்முடைய நீதி என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் செட்டை அவர் வாயில் பொருத்தினாள். அவளுடைய விரல் அவர் உதட்டில் பட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் தடவை அவர் தாளைப் பார்க்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஒரு எழுத்தும் சீறவில்லை.

"சுத்தமா வந்துச்சு" என்று டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இனிமே நீங்க எங்க வேணா பேசலாம் சார்."

செட்டைக் கழற்றியதும் அவர் முகம் மறுபடி சுருங்கி, கிழடு தட்டிப் போயிற்று. பொக்கை வாயால் அவர் கேட்டது, டாக்டருக்கு இரண்டு தடவை கேட்டும் புரியவில்லை. அவளுக்கு முதல் தடவையே புரிந்தது.

"வியாழக்கிழமைக்குள்ள ரெடியாகுமாம்மா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள். "புதன்கிழமையே ரெடி" என்றாள்.

அவர் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு போனார். நாற்காலியின் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். தாள் அதில் இல்லை. குனிந்து குப்பைக் கூடையைப் பார்த்தாள், பஞ்சும் காகிதக் கோப்பையும் கிடந்தன. நாற்காலிக்கு அடியிலும் பார்த்தாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து பின்னறைக்கு நடந்தாள். உள்ளங்கையில் இருந்த இருபத்தெட்டுப் பற்களிலும் அவர் வாயின் சூடு இன்னும் ஆறவில்லை.